ஆன் ஆகி 4 நிமிஷத்துல அப்டியே நின்னுடற பழைய லேப்டாப், யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

மடிப்பாக்கம் மாடிவீடு – திங்கள், காலை 7.50

வணக்கம் மக்களே, அம்மாவோட லேப்டாப் பத்தி கேக்கணும். 2014ல வாங்கினது, ஐ3 நாலாவது ஜெனரேஷன், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், மொதல்ல 4 ஜிபி ரேம் தான் இருந்துச்சு, லாக்டவுன் டைம்ல செகண்ட் ஹேண்ட்ல இன்னொரு 4 ஜிபி வாங்கி நானே சொருகினேன், ஆக 8. விண்டோஸ் 10. ஆன் பண்ணா ஒழுங்கா வருது, பாஸ்வேர்டு போட்டு டெஸ்க்டாப் வந்து ஒரு மூணு நாலு நிமிஷம் நல்லா போகும், அப்புறம் அப்டியே சிலையாட்டம் நின்னுடும். பவர் பட்டன அழுத்திப் புடிச்சு ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணா மறுபடி அதே நாலு நிமிஷம். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ இந்த கூத்து.

அம்மா வீட்ல ட்யூஷன் எடுக்கறாங்க, பத்து வருஷத்து கேள்வித்தாள் எல்லாம் அதுல தான். பேக்கப் இல்ல (திட்டாதீங்க, வீட்லயே நெறைய வாங்கியாச்சு). பக்கத்து தெரு சர்வீஸ் கடைல காட்டினேன், அஞ்சு நிமிஷம் கூட பாக்கல, மதர்போர்டு போச்சு புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டார்.

ஓஎம்ஆர் நைட்ஷிஃப்ட் – காலை 8.05

ஃபார்மட் பண்ணிடுங்க ப்ரோ, எல்லாம் சரியாயிடும். வைரஸா இருக்கும்.

சால்டரிங் தாத்தா – காலை 8.40

தம்பி, எடுத்த எடுப்புல ஃபார்மட்டா? 12 வருஷ மெஷின், ஒரு தடவயாச்சும் பின்னாடி தொறந்து பாத்திருக்கீங்களா? ஃபேனுக்கும் காத்து வெளிய போற அந்த சீப்பு மாதிரி அலுமினிய தகடுக்கும் நடுவுல தூசி கம்பளி மாதிரி படிஞ்சு கெடக்கும், நான் தொறந்த பாதி லேப்டாப்ல அது போர்வையாவே இருந்துச்சு. ப்ராசஸர் மேல தடவின பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பா போயிருக்கும். கத்திரி வெயில்ல, மாடி வீட்ல, மெத்த மேல வெச்சு ஓட்டினா அது வேற என்ன பண்ணும், நின்னு தான் போகும். ஹீட் தான்னு என் கணக்கு.

டிகாஷன் டபுள் – காலை 9.20

ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். "நின்னுடுது"ன்னா எப்டி நின்னுடுதுன்னு தெரியாம எந்த மருந்தும் சொல்ல முடியாது. மாடிவீடு, அடுத்த தடவ நிக்கும்போது பவர் பட்டன்ல கை வெக்காம இத மட்டும் பாருங்க. மவுஸ் அம்புக்குறி நகருதா இல்ல அதுவும் ஒறஞ்சு போச்சா. கேப்ஸ் லாக்க தட்டினா லைட் எரிஞ்சு அணையுதா. ஹார்ட் டிஸ்க் லைட்டு விடாம எரியுதா, காத கிட்ட வெச்சா ஏதாச்சும் சத்தம் கேக்குதா. இன்னொண்ணு, ஆன் பண்ணும்போது எஃப்2 (உங்க மெஷின்ல வேற பட்டனா கூட இருக்கலாம்) தட்டி பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கற செட்டிங் ஸ்க்ரீன்) உள்ள போய் அந்த நீல ஸ்க்ரீன்லயே அரை மணி நேரம் சும்மா விடுங்க, அங்கயும் நிக்குதான்னு பாக்கணும்.

டச்பேட் நடுவுல உப்பின மாதிரி தூக்கிட்டு இருக்கான்னும் பாத்துக்கோங்க, அப்டி இருந்தா பேட்டரி வீங்கியிருக்கு, மத்த ஆராய்ச்சி எல்லாம் விட்டுட்டு மொதல்ல அத கழட்டணும்.

மடிப்பாக்கம் மாடிவீடு – ராத்திரி 9.30

பாத்துட்டேன். அம்புக்குறி நல்லா நகருது, ஆனா எத க்ளிக் பண்ணாலும் ரெஸ்பான்ஸ் இல்ல, கொஞ்ச நேரத்துல நீல வட்டம் சுத்த ஆரம்பிக்குது. கேப்ஸ் லாக் லைட் எரியுது அணையுது. ஹார்ட் டிஸ்க் லைட் அணையவே இல்ல. காத வெச்சு கேட்டேன், டிக்... டிக்... டிக்னு பல்லி கத்தற மாதிரி ஒரு சத்தம். பயாஸ்ல 40 நிமிஷம் விட்டேன், ஒண்ணும் ஆகல. டச்பேட் ஃப்ளாட்டா தான் இருக்கு.

சால்டரிங் தாத்தா – ராத்திரி 9.50

பயாஸ்ல நிக்கலங்கறதால ஹீட் இல்லன்னு முடிவு கட்டாதீங்க, அங்க பெருசா வேலையே நடக்காது. ஆனா அந்த டிக் டிக் எனக்கும் புடிக்கல.

டிகாஷன் டபுள் – ராத்திரி 10.15

தாத்தா சொல்றது நியாயம் தான். ஆனா கேப்ஸ் லாக் லைட் வேலை செய்யுது, அம்புக்குறி நகருதுன்னா ப்ராசஸர் உயிரோட தான் இருக்கு, யாரோ ஒருத்தர் பதில் சொல்றதுக்காக அது காத்துக்கிட்டு இருக்கு. அந்த ஒருத்தர் உங்க ஹார்ட் டிஸ்க்.

ஏன் கரெக்டா நாலு நிமிஷம்? லாகின் ஆன உடனே விண்டோஸ் சும்மா இருக்கறதில்ல. ஆன்ட்டிவைரஸ் ஃபைல தேட ஆரம்பிக்கும், சர்ச் இண்டெக்ஸ் போடும், அப்டேட் பாக்கும், எல்லாரும் ஒரே நேரத்துல டிஸ்க்க போட்டு பிராண்டுவாங்க. போற வழியில கெட்டுப்போன ஒரு எடத்த தொட்ட உடனே டிஸ்க் உள்ள இருக்கற தலை திரும்ப திரும்ப அதே எடத்த படிக்க ட்ரை பண்ணும், அது முடியற வரைக்கும் வரிசைல நிக்கற மத்தவங்க எல்லாரும் வெய்ட்டிங். நம்ம ரேஷன் கடைல ஒருத்தருக்கு கைரேகை விழலன்னா பின்னாடி தெருவே நிக்குமே, அந்த கதை தான். அம்புக்குறி நகர்றதுக்கு டிஸ்க் தேவையில்ல, அதனால அது மட்டும் ஜாலியா சுத்துது.

ஓஎம்ஆர் நைட்ஷிஃப்ட் – ராத்திரி 10.30

அப்ப சிம்பிள் ப்ரோ, விண்டோஸ்லயே டிஸ்க்க செக் பண்ற செக்டிஸ்க்க ஸ்லாஷ் ஆர் போட்டு நைட் ஃபுல்லா ஓட விடுங்க, பேட் செக்டார் (டிஸ்க்ல கெட்டுப்போன எடம்) எல்லாம் சரி பண்ணிடும்.

டிகாஷன் டபுள் – ராத்திரி 10.33

வேணாம்! வேணவே வேணாம். செக்டிஸ்க் பேட் செக்டார சரி எல்லாம் பண்ணாது, இந்த பக்கம் இனிமே வராதீங்கன்னு போர்டு வெச்சுட்டு போகும், அவ்ளோ தான். அதுக்காக 500 ஜிபியையும் மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிக்கும். ஏற்கனவே மூச்சு வாங்கற டிஸ்க்க ராத்திரி பூரா மெரினால ஓட விடற மாதிரி, காலைல எழுந்து பாத்தா டிஸ்க்கே காணாம போயிருக்கும். எங்க ஆபீஸ்லயே ஒரு அக்கவுண்டன்ட் சாரோட மூணு வருஷ கணக்கு அப்டி தான் போச்சு. ஃபைல் வெளிய வந்ததுக்கு அப்புறம் செக்டிஸ்க் போடுங்க, ஃபார்மட் போடுங்க, சுத்தியல் கூட போடுங்க, எனக்கு கவலையில்ல.

மடிப்பாக்கம் மாடிவீடு – ராத்திரி 11.05

ஈவென்ட் வியூவர் (விண்டோஸ் எர்ரர் எல்லாம் எழுதி வெக்கற எடம்) தொறந்து பாத்தேன் அக்கா, நெட்ல யாரோ பாக்க சொல்லியிருந்தாங்க. சிவப்பு கலர்ல கெர்னல் பவர் 41னு முப்பது நாப்பது தடவ இருக்கு, பவர் சப்ளை பிரச்சனைன்னு போட்டிருக்காங்களே? சார்ஜர் மாத்தணுமா?

டிகாஷன் டபுள் – ராத்திரி 11.12

41ங்கறது "போன தடவ ஒழுங்கா ஷட்டவுன் பண்ணல"ன்னு விண்டோஸ் குடுக்கற புகார். நீங்க பவர் பட்டன அமுக்கி ஆஃப் பண்ணீங்கல்ல, அது தான் அந்த முப்பது நாப்பது. சார்ஜருக்கு காசு செலவு பண்ணாதீங்க. அதே எடத்துல டிஸ்க்னு போட்டு 7 இல்லன்னா 153ன்னு நம்பர் இருக்கான்னு தேடுங்க. 7ன்னா பேட் ப்ளாக், 153ன்னா ஒரு தடவ கேட்டு பதில் வராம திரும்ப கேட்டிருக்குன்னு அர்த்தம். அப்டியே ஷிஃப்ட்ட அழுத்திக்கிட்டே ரீஸ்டார்ட் குடுத்து சேஃப் மோட் போங்க, அங்க பின்னாடி ஓடற ஜனம் கம்மி, கொஞ்ச நேரம் தாக்கு புடிக்கும். பென் டிரைவ்ல கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ (டிஸ்க்கோட ஆரோக்கியத்த காட்டற சாஃப்ட்வேர்) எடுத்துட்டு போய் ஓட்டி பாருங்க.

மடிப்பாக்கம் மாடிவீடு – செவ்வாய், ராத்திரி 8.20

7 வரிசையா இருக்கு, 153ம் இருக்கு. கிறிஸ்டல் டிஸ்க்ல மஞ்சள் கலர்ல காஷன்னு காட்டுது. சி5ங்கற வரியில கடைசியா 1ஏ8ன்னு போட்டிருக்கு, என்ன அது கார் நம்பரா?

டிகாஷன் டபுள் – ராத்திரி 8.31

:) அது பதினாறு அடிமான எண் (9க்கு அப்புறம் ஏ முதல் எஃப் வரைக்கும் எண்ணற முறை), அந்த சாஃப்ட்வேர் அப்டி தான் காட்டும். 1ஏ8ன்னா 424. அதாவது 424 செக்டார படிக்க முடியாம, இருக்கா போச்சான்னு முடிவு பண்ண முடியாம டிஸ்க் பெண்டிங்ல வெச்சிருக்கு. நல்ல டிஸ்க்ல அந்த எடத்துல பூஜ்யம் இருக்கணும். மதர்போர்டு போச்சுன்னு சொன்ன கடைக்காரர் இத பாக்க ரெண்டு நிமிஷம் கூட ஆகியிருக்காது.

பெரம்பூர் பட்டறை – ராத்திரி 8.50

டிஸ்க்க கழட்டி பாலிதீன் கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல ஒரு நைட் வெச்சா கொஞ்ச நேரம் ஓடும்னு சொல்வாங்க, அந்த கேப்ல காப்பி பண்ணிக்கலாம்.

சால்டரிங் தாத்தா – ராத்திரி 9.02

மெட்ராஸ்லயா? ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த தண்ணி பாட்டில் ரெண்டு நிமிஷத்துல வேர்த்து ஊத்தற ஊரு இது. டிஸ்க் உள்ளயும் அப்டி தான் வேர்க்கும், தட்டு மேல ஈரம் பட்டா அத்தோட கதை முடிஞ்சுது. அந்த வேலை எல்லாம் வேணாம் பட்டறை.

டிகாஷன் டபுள் – ராத்திரி 9.25

மாடிவீடு, இனிமே விண்டோஸ ஆன் பண்ணாதீங்க, ஒவ்வொரு தடவயும் அந்த டிஸ்க்க இன்னும் கொஞ்சம் கொல்றோம். வேற கம்ப்யூட்டர்ல ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர் வெச்சு ஒரு பென் டிரைவ்ல லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (விண்டோஸுக்கு பதிலா ஓடற இலவச சிஸ்டம்) போடுங்க, லேப்டாப்ல அந்த பென் டிரைவ்லேர்ந்தே பூட் பண்ணுங்க, இன்ஸ்டால் எதுவும் பண்ண வேணாம், சும்மா ஓட்டி பாக்கலாம்னு வர்றதோட விட்டுடுங்க. வெளி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு கடன் வாங்கி சொருகிட்டு காப்பி பண்ணுங்க. விண்டோஸ் பார்ட்டிஷன் ரீட் ஒன்லி ஆகத்தான் தொறக்கும்னு சொன்னா பயப்படாதீங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விண்டோஸ் சீக்கிரம் ஆன் ஆகறதுக்கான செட்டிங்) ஆன்ல இருந்தா அப்டி தான் வரும், நமக்கும் அது தான் நல்லது, எதையும் எழுதி தொலைக்காது.

மொத்த யூசர் ஃபோல்டரையும் ஒரே மூச்சுல இழுக்காதீங்க. மொதல்ல கேள்வித்தாள், அடுத்து ஃபோட்டோ, படம் பாட்டெல்லாம் கடைசி, அது போனா போகட்டும். எங்கயாச்சும் ஒரு ஃபைல்ல மாட்டி நின்னா ஸ்கிப் பண்ணிட்டு அடுத்ததுக்கு போங்க, அதோட மல்லுக்கட்டாதீங்க.

எழுத்துரு பைத்தியம் – ராத்திரி 9.40

நடுவுல பூந்து ஒண்ணு சொல்லிக்கறேன். அம்மா கேள்வித்தாள் தமிழ்ல டைப் பண்ணதா? பத்து வருஷத்து ஃபைல்னா அதுல பாதி யூனிகோடுல (எந்த கம்ப்யூட்டர்லயும் தமிழாவே தெரியற பொது முறை) இருக்காது, பாமினி, வானவில் அவ்வையார் இப்டி ஏதாச்சும் ஒரு பழைய ஃபான்ட்ல தான் இருக்கும். 2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடு தான் ஸ்டாண்டர்டுன்னு ஆர்டர் போட்டாச்சு, ஆனா டிடிபி பழகினவங்க யாரு விட்டாங்க. அந்த ஃபைல மட்டும் காப்பி பண்ணி புது விண்டோஸ்ல தொறந்தா வெறும் ஆங்கில கிறுக்கலா தெரியும், அம்மா கதி கலங்கி போவாங்க. சி டிரைவ்ல விண்டோஸ், அதுக்குள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டர், அத மொத்தமா தூக்கிக்கோங்க. இத யாரும் சொல்ல மாட்டாங்க, ஃபார்மட் பண்ணதுக்கு அப்புறம் தான் அழுவாங்க.

மடிப்பாக்கம் மாடிவீடு – ராத்திரி 9.44

ஐயோ, பாமினி தான்! தெய்வமே நீங்க. இத நான் நெனச்சு கூட பாக்கல.

மடிப்பாக்கம் மாடிவீடு – வியாழன், காலை 6.30

அப்டேட். ரெண்டு ராத்திரி ஆச்சு. மின்ட்ல மெஷின் நிக்கவே இல்ல, ஆனா சில ஃபோல்டர தொட்டா மட்டும் அந்த பல்லி கத்த ஆரம்பிச்சிடுது, காப்பி ஆகற கோடு அப்டியே நிக்குது, ஸ்கிப் குடுத்தா மறுபடி ஓடுது. நேத்து கரண்ட் வேற ஒரு மணி நேரம் போச்சு, நல்ல வேளை லேப்டாப் பேட்டரி தாங்குச்சு. கேள்வித்தாள்ல 11 ஃபைல் மட்டும் வரல, மத்ததெல்லாம் வந்துடுச்சு, ஃபோட்டோ முழுசா வந்துச்சு. ஃபான்ட்ஸ் ஃபோல்டரும் எடுத்தாச்சு. அடுத்து எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கணும், ஆன்லைனா ரிச்சி ஸ்ட்ரீட்டா?

பெரம்பூர் பட்டறை – காலை 8.10

ரிச்சி ஸ்ட்ரீட்டே போங்க, மெட்ரோல அரசினர் தோட்டம் எறங்கி நடக்கற தூரம். ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க, பாதி ஷட்டர் எறங்கி இருக்கும். மூணு கடைல ரேட் கேளுங்க, மூணும் வேற வேறயா சொல்வாங்க. சாட்டா 2.5 இன்ச்னு (பழைய டிஸ்க் சைஸ்லயே வர்றது) சொல்லுங்க, சும்மா எஸ்எஸ்டின்னா எம் டாட் 2 குச்சிய கட்டி குடுத்துடுவாங்க, உங்க மெஷின்ல அது போடற எடம் இருக்காது. கம்பெனி வாரண்டியா கடை வாரண்டியான்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. எங்க அக்காவுக்கு ஸ்கூல்ல கெடச்ச இலவச லேப்டாப் கூட எஸ்எஸ்டி போட்டு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

ஓஎம்ஆர் நைட்ஷிஃப்ட் – காலை 8.30

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சே, அதையே போடறதா? 11 போட முடியாது, அதுக்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனாச்சும் வேணும்னு மைக்ரோசாஃப்ட் கணக்கு.

டிகாஷன் டபுள் – காலை 8.52

இந்த தடவ நைட்ஷிஃப்ட் சொல்றது கரெக்ட். என்ன கேட்டா மின்ட்டே போட்டுடுவேன். ஆனா அம்மா வேர்டுல பாமினி கீபோர்டுல பழகினவங்க, அவங்கள இப்ப மாத்தி தொல்ல பண்றதுல அர்த்தமில்ல. 10 போடுங்க, கூடுதல் செக்யூரிட்டி அப்டேட் 2026 அக்டோபர் வரைக்கும் இருக்கு, அதுல சேத்து விடுங்க. பேங்க் வேலை மட்டும் அதுல வேணாம். லைசென்ஸ் பத்தி கவலப்படாதீங்க, அது மதர்போர்டோட சேந்தது, நெட் குடுத்தா தானா ஆக்டிவேட் ஆயிடும்.

மடிப்பாக்கம் மாடிவீடு – சனி, மதியம் 3.15

போட்டாச்சு!! பழைய டிஸ்க் இருந்த அதே தகட்டுல நாலு ஸ்க்ரூ, அவ்ளோ தான் வேலை. தாத்தா சொன்ன மாதிரி ஃபேனையும் தொறந்தேன், போர்வைன்னீங்களே, உள்ள ஒரு தலகாணியே இருந்துச்சு சார். ஆன் ஆக முன்னாடி மூணு நிமிஷம், இப்ப நான் காப்பி டம்ளர கீழ வெக்கறதுக்குள்ள வந்துடுது. எல்லாருக்கும் கோடி நன்றி.

மடிப்பாக்கம் மாடிவீடு – திங்கள், மதியம் 2.40

மறுபடி நின்னுடுச்சு. சத்தியமா. காலைல பூரா நல்லா ஓடுச்சு, மத்தியானம் அம்மா டைப் பண்ணிட்டு இருக்கும்போது டப்புன்னு நின்னுச்சு, ரீஸ்டார்ட் பண்ணா அஞ்சு நிமிஷத்துல மறுபடி. அழுகையா வருது, அந்த கடைக்காரர் சொன்ன மதர்போர்டு தானோ?

டிகாஷன் டபுள் – மதியம் 2.55

கேப்ஸ் லாக்?

மடிப்பாக்கம் மாடிவீடு – மதியம் 3.01

எரியல. அம்புக்குறியும் நகரல. அட, இது வேற மாதிரி நிக்குது!

டிகாஷன் டபுள் – மதியம் 3.10

ஆமா, இது வேற வியாதி. முன்னாடி டிஸ்க் போட்ட சத்தத்துல இது கேக்கல. இப்ப ப்ராசஸரே பேச்சு மூச்சில்லாம போகுது. ரேம்லேர்ந்து ஆரம்பிக்கலாம். பேட்டரி கழட்டி, சார்ஜர் புடுங்கி, ரெண்டு ரேமையும் வெளிய எடுங்க, அந்த தங்க கலர் பல்லுங்கள பென்சில் ரப்பரால மெதுவா தேச்சு துடைங்க. அப்புறம் ஒவ்வொண்ணா தனித்தனியா சொருகி மெம்டெஸ்ட்86ங்கற ரேம் டெஸ்ட் ஓட விடுங்க. ரேம் மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருக்குன்னும் சொல்லுங்க.

மடிப்பாக்கம் மாடிவீடு – செவ்வாய், ராத்திரி 10.05

லேப்டாப்போட வந்த ரேம், ஸ்டிக்கர்ல பிசி3எல் 12800னு இருக்கு, நாலு மணி நேரம் ஓட விட்டேன், ஒரு எர்ரர் இல்ல. நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதுல பிசி3 12800னு இருக்கு. அது காலைல ஓட்டினப்ப க்ளீனா போச்சு, மத்தியானம் ஓட்டினா ஸ்க்ரீன் பூரா சிவப்பு.

டிகாஷன் டபுள் – ராத்திரி 10.20

அந்த ஒரு எழுத்து தான் வில்லன். எல் இருந்தா 1.35 வோல்ட், எல் இல்லன்னா 1.5 வோல்ட். உங்க மாதிரி நாலாவது ஜெனரேஷன் லேப்டாப் பெரும்பாலும் 1.35 தான் குடுக்கும். 1.5 கேக்கற ரேம அதுல சொருகினா பல மெஷின் ஆனே ஆகாது, சிலது அரை வயித்துக் கஞ்சிய குடிச்சுட்டு எப்டியோ ஓடும். உங்களுது இத்தன வருஷம் அப்டி ஓடியிருக்கு. இப்ப அதுக்கும் வயசாச்சு, வெயில் ஏறினா தள்ளாடுது.

சால்டரிங் தாத்தா – ராத்திரி 10.24

ஹீட்டுன்னு மொதல் நாளே சொன்னேனா இல்லையா?

டிகாஷன் டபுள் – ராத்திரி 10.26

கால்வாசி மார்க் குடுக்கறேன் தாத்தா.

சால்டரிங் தாத்தா – ராத்திரி 10.27

அரை குடும்மா.

மடிப்பாக்கம் மாடிவீடு – ஞாயிறு, மாலை 6.10

எல் போட்ட ரேம் வாங்கி சொருகி அஞ்சு நாள் ஆச்சு, உச்சி வெயில்லயும் ஒரு தடவ கூட நிக்கல. மெம்டெஸ்ட்டும் சுத்தம். பாமினிய இன்ஸ்டால் பண்ணேன், அம்மா மொத ஃபைல தொறந்து எழுத்து தெரிஞ்ச உடனே ஒண்ணும் சொல்லாம பிரிண்ட் எடுக்க போய்ட்டாங்க. என்எச்எம் கன்வெர்ட்டர்ல போட்டு ஒவ்வொண்ணா யூனிகோடுக்கு மாத்திட்டு இருக்கேன், மெதுவா நடக்குது.

வராம போன அந்த 11ல ஒண்ணு 2019 பத்தாவது அரையாண்டு கணக்கு கேள்வித்தாளாம். அதுலேர்ந்து தான் வருஷா வருஷம் ட்யூஷன் பசங்களுக்கு டெஸ்ட் வெப்பாங்களாம். புதுசா எடுக்கற வரைக்கும் இந்த வாரம் டெஸ்ட் கெடையாதுன்னு சொல்லிட்டாங்க, கீழ் வீட்டு பையன் வந்து எனக்கு எலந்த வடை வாங்கி குடுத்துட்டு போறான்.